தோடர் மந்தில் இரண்டு கோடுகள்

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்தபோது சடங்குகளை எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தை மட்டும் கொண்டுவரவில்லை. அங்கு வாழும் தோடர் பழங்குடியினரின் பார்வை, நிறமறிதல், தொடுவுணர்ச்சி, வலி ஆகியவற்றைச் சோதிக்கும் கருவிகளும் அவரோடு மலையேறின. 'பழங்குடிகளுக்குப் புலன்கள் மிகக் கூர்மை' என்று அன்றைய ஐரோப்பா நம்பியது. அந்த நம்பிக்கையை அளந்து பார்க்கும் வேலையை 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளிலேயே அவர் தொடங்கியிருந்தார்.

சோதனைகளில் ஒன்று முல்லர்-லயர் மாயை. சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைச் சிறகுகள் உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். ரிவர்ஸின் கருவியில் ஒரு கோட்டை இழுத்து நீட்டலாம், தள்ளிக் குறைக்கலாம். இரண்டும் சமமாகத் தெரியும்வரை நகர்த்த வேண்டும்; எத்தனை மில்லிமீட்டர் பிசகுகிறது என்பதே விடை. ஒருவரையே பலமுறை செய்யவைத்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்றும் பார்ப்பது அவர் முறை. விடைகள் நெருங்கி நின்றால் சொன்னது புரிந்திருக்கிறது என்று பொருள். மொழி தெரியாதவர் செய்த இந்தச் சரிபார்ப்பு இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

1905இல் வெளியான முடிவு எதிர்பாராதது. இந்த மாயைக்குத் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஆட்பட்டார்கள். நிமிர்ந்த கோட்டைப் படுத்த கோட்டைவிட நீளமாகக் காட்டும் வேறொரு மாயைக்கு அதிகமாக ஆட்பட்டார்கள். கூர்மை, மந்தம் என்ற ஒற்றை அளவில் இது அடங்காது.

அளவீட்டில் இருந்த நிதானம் விளக்கத்தில் இல்லை. கண்ணுக்கெதிரே உள்ள நுணுக்கங்களில் கவனம் ஊன்றுவது உயர்ந்த சிந்தனைக்குத் தடை என்று டாரஸ் அறிக்கையில் அவர் எழுதினார். எந்தக் கருவியும் அதை அளக்கவில்லை. சூழல் ஒன்றாக இல்லாதபோது ஒப்பீடு நிற்காது என்று 1916இல் உளவியலாளர் டிட்ச்னர் அந்தச் சோதனைகளையே கேள்விக்கு உள்ளாக்கினார்.

சீகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல நாட்டு மக்களிடம் முல்லர்-லயர் மாயையைச் சோதித்து, 1966இல் வெளியிட்ட நூலில் சதுர மூலைகள் நிறைந்த வீடுகளில் வளரும் கண்ணே அதிகம் ஏமாறுகிறது என்றார்கள். மறுப்புகள் உண்டு. ஆனால் தோடர் குடிலைப் பார்த்தவருக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும்: பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல் வளைந்த புல்கூரை, குனிந்து தவழ்ந்து நுழையும் வாசல். இன்று பல மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், அதன் இடத்தில் கான்கிரீட் வீடுகள். இது பழைய சோதனைகளைத் திரும்பச் செய்வதையும் சிக்கலாக்குகிறது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது முப்பத்தாறு சதவீதத்தில்தான் பழைய முடிவு உறுதிப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பின் எதையும் திரும்பச் செய்து பார் என்பதே விதியாகிவிட்டது, நல்ல விதி. ஆனால் ரிவர்ஸின் சோதனையை இன்று திரும்பச் செய்து வேறு விடை வந்தால், பிழை அவருடையதா, மாறியது கூரையா?

இன்னொரு மாற்றம், ஆய்வுக்குமுன் சம்மதம் கேட்பது, எனக்கு இதைவிடப் பெரிது. ரிவர்ஸுக்குச் சடங்கு விவரங்களைச் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்து துன்பம் நேர்ந்தது. அந்நியனிடம் ரகசியத்தைச் சொன்னதால் தெய்வம் கோபித்தது என்று குறிசொல்பவர்கள் கூற, தோடர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இதை அவரே தோடர்களைப் பற்றிய தன் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். சொன்னதன் விலையைத் தாங்கியவர்கள் அவர்களே. இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பழங்குடியினரிடம் ஆய்வு செய்யுமுன் சமூகப் பெரியவர்களைக் கலந்து சம்மதம் பெறவேண்டும் என்கின்றன. நெறிக்குழுவின் முத்திரை விழாமல் கருவி பெட்டியைவிட்டு வெளியே வராது.

மொழி மட்டும் இன்னும் பாதி தூரத்தில் நிற்கிறது. ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர் துணையோடு கேட்டார். 1930களில் வந்த மொழியியலாளர் எமனோ, தோடர் மொழியையே ஆராய்ந்து இலக்கணம் எழுதினார். தமிழில் அச்சடித்த கேள்வித்தாளோடு மந்துக்குப் போகும் ஆய்வாளர், எத்தனை பேரிடம் கேட்டாலும், ரிவர்ஸைத் தாண்டவில்லை. பூத்துக்குளி என்ற போர்வையில் வரைபடமே இல்லாமல் இழைகளை எண்ணி எண்ணிப் பூவேலை செய்யும் பெண்களின் பார்வையை அளக்க வருபவர், அந்த எண்ணிக்கையை அவர்கள் எந்தச் சொற்களில் எண்ணுகிறார்கள் என்பதை முதலில் அவர்கள் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.