தோட்டத்தில் நடந்தால் போதும்



நோயாளியின் கட்டிலருகே நின்று மருத்துவர் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தின் வாழ்நாளையே இரண்டாகப் பிரித்துவிடக் கூடும். அந்த வார்த்தைக்கு முன் இருந்தது ஒரு காலம். அதற்குப் பின் வருவது வேறொரு காலம். ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர் சான்தி கசோர்லாவுக்கும் அத்தகைய வார்த்தை ஒன்று சொல்லப்பட்டது. மீண்டும் விளையாடுவதைப் பற்றி எண்ண வேண்டாம். மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் அதுவே போதும் என்று திருப்தி கொள்ளும்படி மருத்துவர்கள் கூறினர். கால்களால் வாழ்ந்த ஒரு மனிதனுக்கு இதைவிடக் கடினமான தீர்ப்பு வேறு உண்டோ?

யார் இந்தக் கசோர்லா? 1984ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், ஸ்பெயினின் வடபகுதியில் உள்ள அஸ்தூரியாஸ் மாநிலத்தின் யானேரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். உயரத்தில் சிறியவர். அருகிலுள்ள ஒவியேதோ நகரின் ரியல் ஒவியேதோ கழகமே அவரைச் சிறுவனாக ஏற்று, பந்தை ஆளக் கற்றுக் கொடுத்தது. இடக்காலா வலக்காலா எது அவருக்கு இயல்பானது என்று எதிரணியினர் தடுமாறும் அளவுக்கு இரு கால்களாலும் திறம்பட விளையாடுபவராக அவர் வளர்ந்தார். ஆனால் அவரை வளர்த்த கழகத்தின் முதல் அணியில் ஒரு போட்டியிலேனும் ஆடும் வாய்ப்பு அன்று அவருக்குக் கிட்டவில்லை. கடன் சுமையில் மூழ்கி, வீரர்களுக்கு ஊதியம் கொடுக்கவும் இயலாத நிலையில், 2003இல் ஒவியேதோ கழகம் நான்காம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. பதினெட்டு வயது இளைஞரான கசோர்லா, ஊரை விட்டு வியாரியல் கழகத்தில் சேர்ந்தார்.

அதன்பின் உயர்வுகள் வந்தன. 2008இலும் 2012இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் அணியில் அவர் இடம்பெற்றார். இடையில் ஓர் இழப்பும் நேர்ந்தது. ஸ்பெயின் முதன்முறையாக உலகக் கிண்ணத்தை வென்ற 2010ஆம் ஆண்டில், காயத்தின் காரணமாக அவர் அந்த அணியில் இடம்பெறவில்லை. 2012இல் இலண்டனின் ஆர்சனல் கழகம் அவரை வரவேற்றது. ஒன்பது ஆண்டுகளாக ஒரு கிண்ணமும் வெல்லாதிருந்த அக்கழகம், 2014 மே 17 அன்று வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக் கழகங்களின் கிண்ணத்துக்கான இறுதிப் போட்டியில் ஹல் சிற்றி அணியைச் சந்தித்தது. முதல் எட்டு நிமிடங்களுக்குள் ஆர்சனல் இரண்டு கோல்கள் பின்தங்கியது. பதினேழாவது நிமிடத்தில் கசோர்லா அடித்த நேர் உதை வலையைத் தொட்டது. அந்த ஒரு கோலே அணியை மீண்டும் நிமிர வைத்தது. மேலதிக நேரத்தில் 3-2 என ஆர்சனல் வென்றது.

ஆனால் அந்த வெற்றிகளின் நடுவிலேயே துன்பத்தின் வித்தும் இருந்தது. 2013 செப்டெம்பரில் சிலி நாட்டுடன் நடந்த போட்டியில் அவருடைய வலது கணுக்காலில் அடிபட்டது. அந்த வலி அவரை விட்டு நீங்கவேயில்லை. வலியோடே ஆண்டுகள் கடந்தன. 2016 ஒக்டோபர் 19 அன்று லுடோகோரெட்ஸ் அணிக்கு எதிரான போட்டியின் இடையில் அவர் களத்தை விட்டு வெளியேறினார். ஆர்சனலுக்காக அவர் ஆடிய கடைசிப் போட்டி அதுவே என்பதை அன்று எவரும் அறியவில்லை.

சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. தையல் போடப்பட்ட காயம் மீண்டும் திறந்தது. மறுபடியும் சிகிச்சை, மறுபடியும் அதே நிலை. காயத்துக்குள் கிருமிகள் குடிகொண்டிருந்தன. இறுதியில் ஸ்பெயினின் விற்றோரியா நகரில் மருத்துவர் மிக்கேல் சான்செஸ் அந்தக் காலைத் திறந்து பார்த்தபோது, குதிகாலின் பின்புறத் தசைநாணில் ஏறத்தாழ எட்டுச் சென்ரிமீற்றரைக் கிருமிகள் தின்றுவிட்டிருந்தன. காலையே இழக்க நேரிடும் என்ற அச்சமும் எழுந்தது. தசைநாண் புதிதாக உருவாக்கப்பட்டது. சிதைந்துபோன தோலுக்குப் பதிலாக இடது முன்கையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப்பட்டது. அந்த இடத்தில்தான் அவர் தம் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். இன்று அப்பெயரின் ஒரு பகுதி கையிலும் மறுபகுதி கணுக்காலிலும் இருக்கின்றது. இப்படியாக எட்டுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை அவர் தாங்கினார்.

சற்று எண்ணிப் பாருங்கள். இருபதினாயிரம் பேர், அறுபதினாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டக் கேட்ட ஒருவர், ஓர் அறையில் ஒரு பாதத்தை நிலத்தில் ஊன்றப் பழகுகின்றார். இன்று ஓரடி, நாளை ஈரடி. மாதங்கள் இப்படியே கழிந்தன. 2018 மே மாதத்தில் ஆர்சனலிடமிருந்து விடைபெற்றார். முப்பத்து மூன்று வயது, தைக்கப்பட்ட கால், கையில் ஒப்பந்தமும் இல்லை. அவர் தம் பழைய வியாரியல் கழகத்திடம் சென்று, தம்மைப் பயிற்சியில் சேர்த்துச் சோதித்துப் பார்க்க இடம் கேட்டார். ஐரோப்பியக் கிண்ணத்தை இரு முறை வென்றவர், புதிதாக வரும் இளைஞனைப் போலத் தேர்வுக்கு நின்றார். இதில் அவர் எந்தச் சிறுமையையும் காணவில்லை.

2018 ஓகஸ்ட் 18 அன்று, 668 நாட்களின் பின், அவர் மீண்டும் ஒரு முறையான போட்டியில் ஆடினார். 2019 ஜனவரி 3 அன்று ரியல் மட்ரிட்டுக்கு எதிராக வியாரியல் பெற்ற இரண்டு கோல்களையும் அடித்தவர் அவரே. அதே ஆண்டில் ஸ்பெயின் தேசிய அணியும் அவரை மீண்டும் அழைத்தது. நவம்பரில் மால்ட்டாவுக்கு எதிராக அவர் தம் நாட்டுக்காக ஒரு கோலும் அடித்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு வீரரின் வெற்றிக் கதையாக மட்டுமே இருந்திருக்கும். ஆனால் கசோர்லாவுக்கு ஒரு பழைய கடன் நினைவில் இருந்தது. 2012இல் ஒவியேதோ கழகம் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, உலகெங்குமிருந்து மக்கள் சிறு சிறு பங்குகளை வாங்கி அதைக் காப்பாற்றினர். அப்போது கசோர்லாவும் பங்குகளை வாங்கி உதவினார். கட்டார் நாட்டின் அல் சாட் கழகத்தில் மூன்று பருவங்கள் ஆடிய பின், 2023 ஓகஸ்டில், முப்பத்தெட்டு வயதில், இரண்டாம் பிரிவில் இருந்த ஒவியேதோவுக்கே திரும்பினார். ஊதியமின்றி ஆடவே விரும்பினார். விதி அதற்கு இடமளிக்கவில்லை. எனவே விதி அனுமதித்த மிகக் குறைந்த ஊதியத்தையே பெற்றுக் கொண்டார். தம் பெயர் பொறித்த சட்டைகளின் விற்பனையில் பத்து வீதம், கழகத்தின் இளம் வீரர்களைப் பயிற்றும் பணிக்குச் செல்ல வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டார்.

முதல் ஆண்டில் முதற்பிரிவுக்கு உயரும் வாய்ப்பு, இறுதிப் போட்டியில் எஸ்பான்யோல் அணியிடம் கைநழுவியது. அடுத்த ஆண்டில் மீண்டும் முயன்றனர். 2025 ஜூன் 21 அன்று சொந்த அரங்கில் மிராந்தேஸ் அணியுடன் இறுதிச் சுற்றின் இரண்டாவது போட்டி. முதற் போட்டியை 1-0 எனத் தோற்றிருந்த ஒவியேதோ, அன்றும் முதலில் ஒரு கோலை விட்டுக்கொடுத்தது. அவ்வேளை கிடைத்த தண்டனை உதையை எடுக்க முன்வந்தவர் நாற்பது வயதுக் கசோர்லா. பந்து வலைக்குள் சென்றது. மேலதிக நேரத்தில் ஒவியேதோ 3-1 என வென்று, இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. சிறுவனாக இருந்தபோது கழகம் தர இயலாததை, நாற்பது வயதில் அவர் அக்கழகத்துக்குப் பெற்றுக் கொடுத்தார்.

அன்பானவர்களே, இக்கதையைத் தவறாகப் படித்துவிடுவது எளிது. நம்பிக்கை இருந்தால் எவரும் எழுந்து ஓடலாம் என்று நோயுற்ற ஒருவரிடம் சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்ல வேண்டாம். எத்தனையோ கால்கள் அதே துணிவோடு, அதே பொறுமையோடு முயன்றும் மீண்டும் களத்தைத் தொடுவதில்லை. அவர்களுடைய முயற்சி குறைந்ததென்று எவர் கூறலாம்? மருத்துவர்கள் சொன்ன வார்த்தையும் பொய்யல்ல. மகனின் கைபிடித்துத் தோட்டத்தில் நடப்பது தோல்வியின் மறுபெயர் அன்று. அதுவே ஒரு முழுமையான நன்மை. அதற்குமேல் வந்தவை எல்லாம் கசோர்லாவுக்குக் கிடைத்த கொடைகள். அவற்றைக் கொடைகளாகவே அவர் கையாண்டார் என்பதற்கு, அவர் பெற்ற குறைந்த ஊதியமும், இளையோருக்கென ஒதுக்கிய அந்தப் பத்து வீதமும் சான்று.

உங்கள் இல்லத்திலும் நோயினாலோ விபத்தினாலோ முன்போல இயங்க முடியாத ஒருவர் இருக்கலாம். நேற்றுச் செய்ய முடியாதிருந்த எதை இன்று அவர் செய்தார் என்று கவனித்துப் பாருங்கள். ஒரு குவளையைத் தாமே பிடித்தாரா? வாசல்வரை நடந்தாரா? அதை வீட்டார் அனைவரும் அறியச் சொல்லி மகிழுங்கள். நலமோடு நடமாடும் நாமோ, நம்மை முதலில் நடக்கப் பழக்கியவர்களை நினைவுகூருவோம். பாடம் சொல்லித் தந்த ஆசிரியரோ, வறிய நிலையிலும் நம்மை வளர்த்த சிற்றூரோ, முதிர்ந்த பெற்றோரோ, எவராயினும் அவர்களிடம் ஒருமுறை திரும்பிச் செல்வோம். நம் கால்களில் வலு இருக்கும்போதே செல்வோம்.