ஆடாதோடை: வேலியோரத்து இருமல் மருந்து

கொல்லை வேலியில், சாண் நீளக் கரும்பச்சை இலைகளோடு தழைத்து நிற்கும் செடி அது. கோடையில் பச்சையைக் கண்ட இடமெல்லாம் வாய்வைக்கும் ஆடுகூட இதை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். அவ்வளவு கசப்பு. 'ஆடு தொடா இலை' என்பதே ஆடாதோடை ஆனதாகச் சொல்வார்கள்.

பச்சை இலையை வெறுமனே கசக்கினால் சாறு எளிதில் இறங்காது. அனலில் வாட்டியோ இட்லிப்பானையில் அவித்தோ துணியில் கட்டி முறுக்க வேண்டும். அப்போதுதான் பச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக வடியும். அதில் தேனைக் குழைத்து இருமுகிற பிள்ளையின் நாக்கில் தடவுவது பல வீடுகளில் இன்றும் உண்டு. 2020-இல் கொரோனா பரவியபோது தமிழ்நாடெங்கும் ஊற்றிக் கொடுத்த கபசுரக் குடிநீரிலும், அதன் 15 சரக்குகளில் ஒன்றாக இந்த இலை இருந்தது.

கசப்புக்குள் இருக்கும் மருந்து

ஊட்டியில் சென்னை மாகாண அரசின் வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர், 1888-இல் இந்த இலையிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். செடியின் வடமொழிப் பெயரான வாசாவை ஒட்டி அதற்கு வாசிசின் என்று பெயர். மூச்சுக்குழாயை விரிக்கும் தன்மை இந்த இலையின் ஆல்கலாய்டுகளுக்கு உண்டு என்பதைப் பின்னாளைய ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின.

இந்த வாசிசினை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாக உருவாக்கிய மருந்துதான் புரோம்ஹெக்சின். 1960-களில் விற்பனைக்கு வந்தது. அது உடலுக்குள் மாறி உருவாகும் அம்புராக்சாலும் இன்று தனி மருந்து. மருந்துக்கடையில் வாங்கும் பல இருமல் சிரப்புகளின் லேபிளில் இவ்விரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றுவதே இவற்றின் வேலை. பாட்டிகளின் கைவைத்தியத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு உண்டு. வேலியில் பறித்த கைப்பிடி இலைக்கு அது கிடையாது. மண், பருவம், இலையின் முதிர்ச்சி எல்லாம் சேர்ந்து மருந்தின் அளவை மாற்றிவிடும்.

கர்ப்பிணிகளுக்கு ஆகாது

வேலை செய்கிற இலை என்பதாலேயே எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் விஞ்ஞானிகள் இதை விரிவாக ஆராய்ந்து, கருவைக் கலைக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு என்று பதிவு செய்தார்கள். எனவே கர்ப்பிணிக்குச் சளி பிடித்தால், 'இலைதானே, என்ன செய்துவிடும்?' என்று ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுக்கக் கூடாது. கருத்தரிக்க முயலும் பெண்களும் தவிர்ப்பது நல்லது.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த மருந்தோடும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். ஆடாதோடை மணப்பாகு சர்க்கரைப் பாகில் காய்ச்சியது என்பதைச் சர்க்கரை நோயாளிகள் மறந்துவிடக் கூடாது.

காய்ச்சுவதிலும் கவனம்

சாலையோரச் செடியில் புகையும் தூசியும் படிந்திருக்கும். வயலை ஒட்டிய வேலி என்றால் பூச்சிமருந்துத் தூறலும் விழுந்திருக்கலாம். பறித்த இலையை நன்றாக அலசியே பயன்படுத்த வேண்டும். காலையில் காய்ச்சிய கஷாயக் குடிநீரை இரவுவரை மூடிவைத்துக் குடிப்பதும் தவறு. குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்தான் ஆயுள் என்பது சித்த மருத்துவத்தின் கணக்கு. கடையில் வாங்கினால் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இரத்தம் கலந்த சளி

மிகவும் கவலை தருவது இதுதான். சளியில் இரத்தம் கண்டால் ஆடாதோடை கொடுப்பது பழைய மரபு. காசநோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்றும் அதே இரத்தம்தான். கஷாயம் குடித்ததும் தொண்டைக்குச் சற்று இதமாக இருக்கும். அந்த நிம்மதியில் வாரங்கள் ஓடிவிடும். உள்ளே கிருமி பெருகும். ஒரே அறையில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகியவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை அவசியம். சளியில் ஒரு துளி இரத்தம் கண்டாலோ, இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனையும் இலவசம், காசநோய் மருந்தும் இலவசம். வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். அதற்கிடையில் ஆடாதோடையும் குடிக்க விரும்புகிறவர், சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.