பெட்டரி கற்றுத் தந்த பாடம்

உங்கள் வீட்டுக்கு முதன்முதலாகத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமாவது இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கூரையில் ஏறி அன்டனாவைத் திருப்பியவர் யார், முற்றத்தில் நின்று "சரி, சரி, இப்ப சரி!" என்று கத்தியவர் யார் என்பது வரை சொல்வார்கள். ஆனால் அதே வீட்டில் அந்தப் பெட்டிக்கு என்னென்ன சட்டங்கள் இருந்தன என்று கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் சற்று நேரம் மௌனமாகிவிடுவார்கள். மௌனமாகிவிடுபவர்களில் நானும் ஒருத்தி.

நமது நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரல் 13ஆந் திகதி சுயாதீன தொலைக்காட்சியின் மூலம் ஆரம்பமானது. அது கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி அதிக தூரம் எட்டவில்லை. ஜப்பானின் உதவியுடன் 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கப்பட்ட பிறகுதான், பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து வந்த அலைகளால் கண்டிப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்த எங்கள் கிராமத்துக்கும் படம் வந்தது. வந்தது என்றால் எல்லா வீட்டுக்கும் அல்ல. சவூதியிலிருந்து திரும்பிய ஒருவரின் வீட்டுக்கு மாத்திரம்.

ஜன்னலுக்கு வெளியே

மாலையில் குர்ஆன் மத்ரஸா விட்டதும் நானும் நானாவும் நேரே வீட்டுக்கு வரமாட்டோம். அந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். எனக்கு எட்டு வயது. எட்டாததால் இரண்டு செங்கற்களை அடுக்கி ஏறி நிற்பேன். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் தந்த 'தொஸ்தர ஹொந்த ஹித', 'பிஸ்ஸு பூஸா' போன்ற கார்ட்டூன்களுக்காக நாங்கள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தோம். பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடக் கூடுதலான சிங்களத்தை நான் அந்த ஜன்னலில் நின்றுதான் கற்றேன்.

ஒருநாள் பிள்ளைகளின் சத்தம் தாங்க முடியாமலோ என்னவோ, வீட்டுக்காரர்கள் எங்கள் முகத்துக்கு நேரே ஜன்னலைச் சாத்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது கீழே பாதையில் வாப்பா நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏசவில்லை. என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வழிநெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆறேழு மாதங்களுக்குப் பிறகு, டவுனில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

வாப்பாவின் கணக்கு

எங்கள் கிராமத்துக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. மின்சாரமில்லாத எத்தனையோ ஊர்களில் போல, எங்கள் பெட்டியும் 12 வோல்ட் கார் பெட்டரியில்தான் ஓடியது. பெட்டரி இறங்கினால் பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து எடுக்க வேண்டும். எங்களுடையது பழைய பெட்டரி; ஒரு தடவை சார்ஜ் செய்தால் பத்து மணித்தியாலம் ஓடினால் பெரிய காரியம். வாப்பா டவுனுக்குப் போவதோ வாரத்தில் ஒருநாள்.

ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரு கொப்பியுடன் எல்லோரும் பாயில் உட்காருவோம். வாப்பாவின் செய்தி, பிள்ளைகளின் கார்ட்டூன், எல்லோரும் சேர்ந்து பார்க்கும் ஒரு நாடகம் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டுவோம். பத்து மணித்தியாலத்தைத் தாண்டினால் ஒன்றை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பதில் எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. ஆனால் வாப்பாவின் செய்தியும் அந்தக் கணக்கில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். சில வாரங்களில் வெட்டப்பட்டதும் அதுதான்.

கணக்கைத் தவிர மூன்று சட்டங்கள் இருந்தன. மஃரிபிலிருந்து இஷா வரை பெட்டி மூடியிருக்கும். சாப்பிடும்போது பார்க்கக் கூடாது. வீட்டுக்கு யாராவது வந்தால், எவ்வளவு நல்ல கட்டமானாலும் உடனே அணைக்க வேண்டும். இவை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுதான். "நானா பாக்கலாம், எனக்கு மட்டும் ஏலாதா?" என்று கேட்க வேண்டிய தேவை அந்த ஒரு விடயத்தில் எனக்கு ஒருபோதும் ஏற்படவில்லை.

உம்மாவின் அரை மணித்தியாலம்

உம்மா தனக்கென்று எதையும் கேட்பவரல்ல. 'ஒஷின்' என்ற ஜப்பானிய நாடகம் வந்தபோது மட்டும், "எனக்கும் அதில ஒரு அரை மணித்தியாலம் எழுதுங்க" என்றார்கள். வறுமையினால் சின்ன வயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுமியின் கதை அது. மொழி முழுவதும் விளங்காவிட்டாலும் உம்மா கண்கலங்கிப் பார்ப்பார்கள்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஒருநாள் உம்மாவும் வாப்பாவும் பக்கத்து ஊரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். நானும் நானாவும் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் போட்டோம். கொஞ்ச நேரம் என்று தொடங்கியது, கொப்பியில் இல்லாத மூன்று மணித்தியாலமாகிவிட்டது. அவர்கள் வருமுன் பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டுச் சூட்டைக்கூட ஆற்றினோம்!

இரண்டு நாட்கள் கழித்து உம்மா அடுப்படி வேலைகளை அவசரமாக முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். நாடகம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான். படம் நாலு பக்கத்தாலும் சுருங்கத் தொடங்கியது. கைக்குட்டை அளவாகி, பிறகு அதுவும் இருண்டுவிட்டது. பெட்டரி இறங்கினால் அப்படித்தான்.

உம்மா சற்று நேரம் இருண்ட கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு "சரி, அடுத்த கிழமை பாப்பம்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார்கள்.

வாப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடிக்கவில்லை, கத்தவில்லை. "நீங்க பெட்டரியத் தின்னல்ல மக்கள். உம்மாட நேரத்தத் தின்னிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்கள். அடி விழுந்திருந்தால் என்றோ மறந்திருப்பேன். அந்த வார்த்தையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

மின்சாரம் வந்த பிறகு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது. இனிப் பெட்டரி இறங்காது! ஆனால் வாப்பா கொப்பியைக் கைவிடவில்லை. "பெட்டரிக்கு முடிவில்லாட்டியும் எங்கட நாளைக்கு முடிவிருக்கு" என்பார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி மூடப்படும்.

அந்தச் சட்டம் மீறப்பட்ட ஒருநாளும் உண்டு. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அன்று காலையிலேயே வாப்பா எல்லோரையும் கூப்பிட்டு, "இண்டைக்கு ஆட்டம் முடியும்வரை பாக்கலாம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் மட்டும் அணைக்கிற" என்று அறிவித்தார்கள். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களைப் பெற, இலங்கை ஏழு விக்கெட்டுகளால் அவுஸ்திரேலியாவை வென்றபோது, எங்கள் வீட்டில் மிக உயரமாகத் துள்ளியவர் வாப்பாதான். விதிவிலக்கை முன்கூட்டியே சொல்லிவிட்டதால் மறுநாள் ஒன்பது மணிக்குப் பெட்டி மூடப்பட்டபோது தம்பிகூட முணுமுணுக்கவில்லை.

இன்று நம் வீடுகளில்

இத்தனையும் நான் ஏன் எழுதுகிறேன்? 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தபோது என் கடைசி மகனுக்கும் ஒரு போன் கொடுக்க வேண்டியதாயிற்று. பாடசாலை திறந்த பிறகும் போன் கையை விட்டு இறங்கவில்லை. ஒருநாள் கோபத்தில் பறித்தெடுத்து, "இனி ஒரு மணித்தியாலம்தான்" என்றேன். அவன் அழவில்லை. "உங்கட போனுக்கு எத்தன மணித்தியாலம் உம்மா?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் சோறு தின்னும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. உம்மாவின் நேரத்தைத் தின்ற அதே மகள், இப்போது தன் மகனின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளோருக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்றும் கூறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2016இல், சாப்பாட்டு வேளையில் திரை வேண்டாம், குடும்பமாகக் கூடி ஒரு திட்டம் வகுத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை கூறியது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற என் வாப்பா ஒரு பெட்டரியை வைத்துக்கொண்டு இதைத்தானே செய்தார்கள்!

அன்று பெட்டரி இறங்கும். இரவானால் தேசிய கீதத்துடன் ஒளிபரப்பும் முடியும். இன்றைய திரைக்கு முடிவு கிடையாது. ஆகவே முடிவை நாம்தான் வைக்க வேண்டும். அதைப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தால் அது தண்டனை; நமக்கும் சேர்த்து வைத்தால்தான் அது சட்டம்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கிறது. முதலாவது வரியில் என் பெயர். எனக்குரிய நேரத்தை எழுதியவன் என் மகன். நான் நினைத்ததைவிடக் குறைவாகவே எழுதியிருக்கிறான். பல நாட்களில் நான்தான் தவறுகிறேன். அவன் கொப்பியைக் காட்டுகிறான்.

பெற்றோர்களே, இன்றிரவு நீங்களும் ஒரு கொப்பியை எடுத்துப் பிள்ளைகளுடன் உட்காருங்கள். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள்.