சாடி மிளகாயில் இலை மஞ்சளித்தல்

முற்றத்துச் சாடியில் நிற்கும் மிளகாய்ச் செடியின் இலை மஞ்சளித்தவுடன் யூரியா இடும் வழக்கம் கமக்காரரிடையே உண்டு. அதற்கு முன் விரலை இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணுள் விட்டுப் பார்த்தல் வேண்டும். மண் சேறாயிருப்பின் குறை பசளையில் அன்று, நீரிலேயே உண்டு. காற்றின்றி அழுகும் வேர் எப்பசளையையும் உறிஞ்சாது. இட்ட யூரியா அவ்வேரை மேலும் கருக்கிச் செடியையே மாய்த்துவிடும். சாடியின் அடித்துளை அடைபட்டிருந்தால் அதனைத் திறந்து, மேல்மண் உலரும்வரை நீர் ஊற்றாது விடுக.

மண் செம்மையாயிருந்தால், மஞ்சள் எவ்விலையில் தொடங்கியது என நோக்குக. முதிர்ந்த அடியிலைகள் முழுவதும் வெளிறி, செடியும் வளராது நிற்பின் அது நைதரசன் குறைவு. பழைய இலையிலுள்ள நைதரசனைச் செடி தன் தளிருக்கு அனுப்புவதனாலேயே இவ்வாறாகிறது. 10 கிராம் யூரியாவை 5 லீற்றர் நீரிற் கரைத்து, சாடிக்கு அரை லீற்றர் வீதம் ஈரமண்ணில் ஊற்றுக. ஒன்றிரண்டு அடியிலை மட்டும் பழுத்துதிர்வது முதுமையே; அதற்கு வைத்தியம் வேண்டியதில்லை.

தளிரிலை மஞ்சளித்து நரம்பு மாத்திரம் பச்சையாயிருப்பின் இரும்புக் குறைவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்னீராதலின், அதனை நாள்தோறும் பெறும் சாடிமண் காரத்தன்மை அடையும். இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. இங்கு யூரியா பயன்தராது. 5 கிராம் பெரசுச் சல்பேற்றை ஒரு லீற்றர் நீரிற் கரைத்து மாலையில் இலைகளில் தெளித்து, பத்து நாளின் பின் மீண்டும் தெளிக்குக. பின்பு வரும் தளிரின் நிறத்தைக் கொண்டே குணமறிதல் வேண்டும். மாரிமழை நீரைச் சேமித்து ஊற்றுதல் இன்னும் நன்று.