இந்தியாவில் மாநில வரி, செலவுகளுக்கான அரசமைப்பு வரம்புகள்

இந்தியாவில் மாநில வரி, செலவுகளுக்கான அரசமைப்பு வரம்புகள் என்பவை, ஒரு மாநில அரசு எந்தெந்த வரிகளை விதிக்கலாம், திரட்டிய பணத்தை எவ்வாறு செலவிடலாம், எவ்வளவு கடன் வாங்கலாம் என்பவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகளாகும். இந்திய அரசமைப்புச் சட்டம் வரி விதிப்பவர் யார், எந்த வழியில் விதிக்க வேண்டும் என்பதை விரிவாகச் சொல்கிறது. எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த அளவையும் எண்ணாகவே அரசமைப்பில் எழுதிவிட வேண்டுமா, அல்லது சட்டமன்றத்தின் பொறுப்பில் விட வேண்டுமா என்பதே இது குறித்த விவாதத்தின் மையம்.

அடிப்படை விதிகள்

சட்டப்பிரிவு 265-இன்படி, சட்டத்தின் அதிகாரம் இன்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. அமைச்சரவையின் ஆணை மட்டும் போதாது. சட்டமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும். ஏழாவது அட்டவணை வரி இனங்களை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பிரித்துத் தருகிறது. நிலம், கட்டடம், வாகனம், மின்நுகர்வு, மதுபானம், பெட்ரோல், டீசல் விற்பனை போன்றவை மாநிலங்களுக்கு உரியவை. வருமான வரி (வேளாண் வருமானம் நீங்கலாக), சுங்க வரி ஆகியவை ஒன்றியத்துக்கு உரியவை.

இவற்றுடன் வேறு சில வரம்புகளும் உண்டு. ஒரு மாநிலம் தன் எல்லைக்கு வெளியே நடக்கும் விற்பனைக்கு வரி விதிக்க முடியாது (பிரிவு 286). ஒன்றிய அரசின் சொத்துக்குப் பொதுவாக வரி விதிக்க முடியாது (பிரிவு 285). பிற மாநிலத்திலிருந்து வரும் பொருள் என்பதற்காகவே அதற்கு அதிக வரி விதிக்க முடியாது (பிரிவு 304). 2016-இல் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நுழைவு வரி விதிப்பது மட்டுமே தடையற்ற வணிகத்துக்கு எதிரானது ஆகாது, பாகுபாடு காட்டும் வரியே தடைசெய்யப்பட்டது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

சமத்துவ உரிமையும் (பிரிவு 14) ஒரு வரம்பே. திருவிதாங்கூர்-கொச்சியின் 1955 நிலவரிச் சட்டம், விளைநிலம், காடு என்று பாராமல் எல்லா நிலத்துக்கும் ஏக்கருக்கு ஒரே வரியை விதித்தது. காட்டு நிலம் வைத்திருந்தவர்களுக்கு அந்த வரி வருமானத்தைவிடப் பல மடங்கு அதிகமானது. 1960-இல் மூப்பில் நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது.

தொழில் வரி: எண்ணால் குறித்த வரம்பு

அரசமைப்பில் ரூபாய்க் கணக்கிலேயே வரம்பு குறிக்கப்பட்ட வரி தொழில் வரி. பிரிவு 276 முதலில் ஒருவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. 1988-இல் 60-ஆவது திருத்தம் அதை 2,500 ரூபாயாக உயர்த்தியது. அதன்பின் அது மாறவில்லை.

இதன் விளைவைக் கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டியுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளிப் பகுதியிலிருந்து எளிதாக விளங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குச் செல்பவரின் தொழில் வரி, தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சேர்கிறது. அதே ஊரிலிருந்து எல்லை தாண்டிப் பெங்களூருப் பகுதிக்கு வேலைக்குச் செல்பவரின் தொழில் வரி, கர்நாடக மாநில அரசுக்குச் சேர்கிறது. வசூலிப்பவர் வேறு, ஆனால் இரு மாநிலங்களுக்கும் 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு ஒன்றே. உச்ச அளவில் வரி செலுத்தும் இருவரை எடுத்துக்கொண்டால், மாதம் 20,000 ரூபாய் பெறும் தொழிலாளிக்கு அது ஆண்டு வருமானத்தில் சுமார் 1 விழுக்காடு. மாதம் 2 லட்சம் பெறும் மேலாளருக்குச் சுமார் 0.1 விழுக்காடு. அதிக வருமானத்துக்கு அதிக வரி என்ற கொள்கைக்கு இங்கு இடம் இல்லாமல் போகிறது. இழப்பு ஊராட்சிகளுக்கும் உண்டு. தெருவிளக்கு, குடிநீர், சாலை ஆகியவற்றுக்கான செலவு 1988-இன் விலையில் நிற்பதில்லை. பதினைந்தாவது நிதிக்குழு இந்த வரம்பை 18,000 ரூபாயாக உயர்த்தப் பரிந்துரைத்தது. அதைச் செய்ய அரசமைப்பைத் திருத்த வேண்டும்.

கனிமங்களும் 35 ஆண்டு வழக்கும்

யாருக்கு வரி விதிக்கும் அதிகாரம் என்ற கேள்வி எத்தனை பெரிய தொகையைத் தீர்மானிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் தொடங்கிய வழக்கு ஒன்று சான்று. சென்னை ஊராட்சிகள் சட்டம், 1958-இன் கீழ் நிலவரி மீது மேல்வரி வசூலிக்கப்பட்டது. சுரங்க நிலங்களில் கனிமத்துக்கான ராயல்டியும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் இதை எதிர்த்தது. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரியே, அதன்மீது மேல்வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று கூறியது.

2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் இத்தீர்ப்பை மாற்றியது. ராயல்டி வரி அன்று. அது குத்தகைதாரர் நில உரிமையாளருக்குத் தரும் ஈடு. கனிம நிலத்துக்கும் கனிம உரிமைக்கும் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. கனிம உரிமை மீதான வரிக்கு மட்டும் நாடாளுமன்றம் சட்டம் மூலம் வரம்பு வைக்கலாம். நீதிபதி பி. வி. நாகரத்னா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மாநிலங்கள் போட்டி போட்டு வரி விதித்தால் கனிம வளர்ச்சி சீர்குலையும் என்ற கவலை அதில் வெளிப்பட்டது.

இதைத் தொடர்ந்து தமிழ்நாடு சட்டமன்றம் 2024 டிசம்பரில் கனிம வளம் கொண்ட நில வரிக்கான சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அவர்களுடன் பேச்சு நடத்தியது. கிரானைட் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. நீதிமன்றம் அதிகாரம் உண்டு என்று மட்டுமே சொன்னது. எவ்வளவு என்பது சட்டமன்றத்திலும் பேச்சுவார்த்தை மேசையிலும் தீர்மானமாகிறது.

சரக்கு மற்றும் சேவை வரி

2016-இன் 101-ஆவது திருத்தம் பிரிவு 246அ, 279அ ஆகியவற்றைச் சேர்த்தது. 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு மாநிலங்கள் தனியாக விற்பனை வரி விகிதம் வைப்பது நின்றது. மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் மூடப்பட்டன. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கும், மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கும் வாக்கு மதிப்பு உண்டு; முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. எனவே ஒன்றியம் இசையாத முடிவு எதுவும் நிறைவேறாது. 2022-இல் மோகித் மினரல்ஸ் வழக்கில், மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமியற்றும் அவைகளைக் கட்டாயப்படுத்துபவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது.

பெட்ரோலும் டீசலும் இன்னும் இவ்வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. ஆகவே அவற்றின் விலை ஓசூரில் ஒன்றாகவும் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் வேறாகவும் இருக்கிறது. கர்நாடகம் 2024 ஜூனில் பெட்ரோல் மீதான விற்பனை வரியை 25.92 விழுக்காட்டிலிருந்து 29.84 ஆகவும், டீசல் மீதானதை 14.34-இலிருந்து 18.44 ஆகவும் உயர்த்தியது. எல்லையோர ஊர்களில் வாகன ஓட்டிகள் விலை குறைந்த பக்கம் சென்று நிரப்பிக்கொள்ள முடியும் என்பதால், அண்டை மாநிலத்தின் வரி விகிதமும் ஒரு மாநிலத்துக்கு எழுதப்படாத வரம்பாக அமைகிறது.

செலவுக்கான வரம்புகள்

அரசின் வருவாய் அனைத்தும் மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர வேண்டும். நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இன்றி அதிலிருந்து பணம் எடுக்க முடியாது (பிரிவுகள் 204, 266). செலவான பிறகு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும். பிரிவு 282-இன்படி எந்தவொரு பொது நோக்கத்துக்காகவும் மாநிலம் நிதி வழங்கலாம்.

பொது நோக்கம் என்றால் என்ன என்ற கேள்வி தமிழ்நாட்டின் இலவசத் திட்டங்களால் எழுந்தது. 2006 தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சியையும், 2011 தேர்தலில் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் வாக்குறுதியாக அளித்தன. இவற்றை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், சட்டமன்றம் ஒப்புதல் தந்த இச்செலவில் தலையிட மறுத்தது. தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்குக் கூறியது. 2022 ஆகஸ்டில் இதே கேள்வி மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

கடன் வரம்பு

பிரிவு 293, மாநிலம் தன் சட்டமன்றம் விதிக்கும் வரம்புக்குள் கடன் வாங்கலாம் என்கிறது. ஒன்றியத்துக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் நிலுவையில் இருந்தால், ஒன்றியத்தின் இசைவும் வேண்டும். ஒன்றிய அரசின் கடன் பற்றிய இதேபோன்ற பிரிவு 1949-இல் அரசமைப்பு அவையில் விவாதிக்கப்பட்டபோது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வரம்பு வைக்கும் என்று அம்பேத்கர் எதிர்பார்ப்புத் தெரிவித்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகே அத்தகைய சட்டங்கள் வந்தன. மாநிலங்களில் கர்நாடகம் 2002-இல் முதலில் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 2003-இல் தமிழ்நாடும் ஒன்றியமும் இயற்றின. நிதிப் பற்றாக்குறை மாநில உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், வருவாய்ப் பற்றாக்குறை இல்லாமல் போக வேண்டும் என்பவை இவற்றின் இலக்குகள்.

தமிழ்நாட்டில் 2013-14 முதல் ஆண்டுதோறும் வருவாய்ப் பற்றாக்குறை தொடர்ந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் சுமார் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றது. கோவிட் ஆண்டான 2020-21-இல் கடன் வரம்பு 5 விழுக்காடு வரை தளர்த்தப்பட்டது. தன் கடன் வரம்பை ஒன்றியம் குறைப்பதாகக் கேரளம் தொடுத்த வழக்கு, 2024 ஏப்ரல் 1 அன்று ஐந்து நீதிபதிகள் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காடாக வரம்பிட்டது. 1979-இல் அரசுச் செலவுக்கும் வரம்பு வைத்தது. கொலராடோ மாநிலம் 1992-இல் வாக்காளர் ஒப்புதலின்றி வரியை உயர்த்தத் தடை விதித்தது. ஜெர்மனி 2009-இல் கடன் தடையை அரசமைப்பில் எழுதியது. 2025-இல் பாதுகாப்பு, உள்கட்டமைப்புச் செலவுகளுக்காக அதைத் தளர்த்த அரசமைப்பையே திருத்த நேர்ந்தது.

விவாதம்

எண்ணால் வரம்பு வேண்டும் என்போர், இன்றைய அரசு வாங்கும் கடனை நாளைய தலைமுறை அடைக்கிறது, அத்தலைமுறைக்கு இன்று வாக்கு இல்லை என்கின்றனர். சாதாரணச் சட்டத்தில் உள்ள வரம்பை, அதை மீற விரும்பும் சட்டமன்றமே திருத்திவிட முடியும் என்பதையும் சுட்டுகின்றனர்.

எதிர்ப்போர், வரம்பு இறுகும்போது முதலில் வெட்டப்படுவது சம்பளமோ வட்டியோ அல்ல, பள்ளிக் கட்டடம், பாசனம், சாலை போன்ற மூலதனச் செலவே என்கின்றனர். மதிய உணவுத் திட்டம் போன்றவை ஒரு காலத்தில் வீண்செலவு என்று கருதப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பின்பற்றப்பட்டதையும் நினைவூட்டுகின்றனர். மாநிலங்களின் வரி அதிகாரம் ஏற்கெனவே சுருங்கியுள்ள நிலையில், செலவுக்கும் கடனுக்கும் மேலும் பூட்டுப் போட்டால் கூட்டாட்சி வலுவிழக்கும் என்பது அவர்களின் மற்றொரு வாதம்.

இந்திய அனுபவம் இரு தரப்புக்கும் சான்று தருகிறது. அரசமைப்பில் எழுதிய தொழில் வரி வரம்பு, விலைவாசி பல மடங்கு ஏறிய பின்னும் 1988-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாதாரணச் சட்டத்தில் எழுதிய பற்றாக்குறை வரம்பு, தேவைப்பட்டபோதெல்லாம் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு வரம்பு எவ்வளவு என்பதைப் போலவே, அது எந்த ஏட்டில் எழுதப்படுகிறது, அதை மாற்ற யாருடைய இசைவு வேண்டும் என்பதும் அதன் பயனைத் தீர்மானிக்கிறது.