யாழ் மறைந்தது, வில் நிலைத்தது

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரிலேயே வில் இருக்கிறது. அது வில்லி என்னும் வேடர் தலைவனின் பெயர் என்று தல புராணம் கூறும். இராஜபாளையத்தைக் கடந்து தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் சென்றாலோ, வில் என்றவுடன் வேட்டை நினைவுக்கு வராது. கோயில் கொடையில் ஒலிக்கும் வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வரும்.

நரம்புக் கருவிகள் வில்லின் நாணொலியிலிருந்தே பிறந்தன என்பது இசை ஆய்வாளர் பலரின் கருத்து. குமிழ மரத்தின் துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, ஆயன் ஒருவன் வில்யாழ் இசைப்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அரசவை யாழ் அன்று. மேய்ச்சல் காட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்த கருவி.

பாணர் கையிலிருந்த பேரியாழும் சீறியாழும் புரவலரை நம்பி வாழ்ந்தன. புரவலர் மறைந்தபோது அவையும் மறைந்தன. விபுலானந்த அடிகள் 1947இல் வெளியான 'யாழ் நூ'லுக்காக அவற்றின் அமைப்பை நூல்களிலிருந்தும் சிற்பங்களிலிருந்தும் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அதே வளைவு யாழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பர்மாவின் 'சௌங்'கோ படகு போன்ற உடலும் மான்தோல் போர்வையுமாக இன்றும் ஒலிக்கிறது. 1885இல் மன்னராட்சி முடிந்தும் அது அழியவில்லை. விடுதலைக்குப் பின் அரசு இசைப் பள்ளிகள் அதைக் கற்பித்தன.

நம் வில்லுக்கு அரசனும் இல்லை, பள்ளியும் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் பிரிக்கும் கொடை வரிதான் அதன் முதலீடு. பனையிலோ மூங்கிலிலோ செய்த வில், மணிகள், வீசுகோல், ஒரு மண்குடம், உடுக்கை: செலவு சொற்பம். சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ பாடாமல் கொடை நிறைவுறாது என்பதால், தேவை ஆண்டுதோறும் உறுதி. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இவ்வளவு சிக்கனமான கலை ஆதரவு முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கலைவாணரும் சுப்பு ஆறுமுகமும் வில்லை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆயினும் மேடை வில் வேறு, கொடை வில் வேறு.

இப்போது அந்த வரிப்பணத்துக்கு இன்னிசைக் கச்சேரிகள் போட்டியாக வந்துவிட்டன. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி கூடாது என்னும் 2000ஆம் ஆண்டு விதியால், நள்ளிரவில் சாமியாட்டத்தோடு உச்சம் காணும் கதையை மாலையிலேயே சுருக்க வேண்டியிருக்கிறது. விதி நியாயமானதே, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உறக்கம் வேண்டும். ஆனால் அது இரவில் ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் தடுப்பது திறந்த வெளியில்தான், மூடிய மண்டபத்தினுள் அன்று. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே விடிய விடியப் பாடிய கலை இது. பத்து மணிக்கு மேல் பெட்டியை அணைத்துவிட்டு, மூடிய மண்டபத்தினுள் கூட்டம் வில்லைச் சுற்றி நெருங்கி அமரும்படி கோயில் குழுக்கள் வரும் கொடையிலேனும் ஏற்பாடு செய்து பார்க்கலாம்.