பிளம்ஸ் கிடைக்கும் மாதத்தில் ஒரு கேக்

மே, ஜூன் மாதங்களில் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போய்த் திரும்புகிறவர்கள் கையில் ஒரு பை பிளம்ஸ் இருக்கும். இரண்டு நாள் ஆசையாகத் தின்பார்கள். பிறகு புளிப்பு அலுத்து, மிச்சம் குளிர்பெட்டியில் சுருங்கத் தொடங்கும். அந்த மிச்சத்துக்காகத்தான் இந்தக் கேக். மலைக்குப் போகாதவர்களுக்கும் கவலையில்லை. ஜூனுக்குப் பிறகு இமாசலப் பிரதேசத்துப் பிளம்ஸ் நம் ஊர்ப் பழக்கடைகளுக்கு வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் பிளம் கேக்கா இது? இல்லை. அதில் இருப்பது உலர்ந்த திராட்சையும் பழத் துண்டுகளும். இதில் இருப்பது பச்சைப் பழம்.

எந்தப் பழம் வேண்டுமானாலும் போடலாமா? உள்ளே ஒற்றைக் கொட்டை உள்ள கல்கொட்டைப் பழங்கள் (சதைக்கு நடுவே கெட்டியான ஓட்டுக்குள் விதை இருப்பவை) எல்லாமே உறவுதான்: பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட், செர்ரி, நம் மாம்பழமும்கூட. ஆனால் அடுப்புச் சூட்டில் இனிப்புப் பழம் வெறும் இனிப்பாகத் தங்கிவிடும், மணம் பாதி போய்விடும். புளிப்புள்ள பழம்தான் கேக்கில் எடுபடும். அதனால் மாம்பழத்தை அப்படியே சாப்பிடுங்கள். கேக்குக்குப் பிளம்ஸை எடுங்கள் என்பது என் கட்சி.

பழம் எப்படி இருக்க வேண்டும்? அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், சாறு கசியக் கூடாது. கல் போல இருந்தால் இரண்டு நாள் வெளியே வையுங்கள், பழுத்துவிடும். தோல் மேல் வெள்ளைப் பொடி பூத்தது போல் இருந்தால் மருந்தோ என்று பயம் வரும். அது பெரும்பாலும் பழம் தானே சுரக்கிற மெழுகுதான். எப்படியும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். தோலை உரிக்க வேண்டாம். கேக்குக்குச் சிவப்பு நிறமும் பாதிப் புளிப்பும் அதிலிருந்துதான் வருகின்றன.

அளவு என்ன? மைதா 125 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் (மாவுக்குள் காற்றுக் குமிழிகளை உண்டாக்கி உப்ப வைக்கும் பொடி) ஒரு தேக்கரண்டி, பழம் 300 முதல் 350 கிராம். இது 20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குல வட்டத் தட்டுக்கு. கடையில் வாங்கும் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு இருக்கும், தனியாக உப்பு வேண்டாம். நம் சர்க்கரை பெரும்பரலாக இருப்பதால் மிக்சியில் பொடித்துக்கொள்ளுங்கள். பொடிப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

மாவு இவ்வளவுதானா, பழம் இவ்வளவா என்று தோன்றும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் 1983இல் மரியன் பரோஸ் எழுதிய பிளம் கேக் குறிப்பின் வழி இது. வாசகர்களுக்கு அது பிடித்துப்போய் 1989 வரை ஆண்டுதோறும் அதையே மறுபடி அச்சிட்டார்கள். கொஞ்சம் மாவு, நிறைய பழம். அதில் வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

கொட்டையை எப்படி எடுப்பது? பழத்தைச் சுற்றிக் கத்தியால் கீறி, இரு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் சில ரகங்களில் கொட்டை கழன்றுவிடும். கழலாவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். மாம்பழத்தின் இரு கன்னங்களைச் சீவுவது போலச் சீவி எடுங்கள். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைப் பாதாம் என்று நினைத்து அரைத்துச் சேர்த்துவிடாதீர்கள். உடம்புக்குள் போனால் சயனைடு என்ற நஞ்சை வெளிவிடும் பொருள் அதில் இருக்கிறது.

வெண்ணெயை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு நேரம்? இங்கேதான் நம் ஊரில் பலருக்குக் கேக் கெடுகிறது. 'அறை வெப்பநிலை' என்று குறிப்புகளில் எழுதுகிறவர்கள் 20 டிகிரி சமையலறையை நினைத்து எழுதுகிறார்கள். நம் கோடையில் 35 டிகிரி. வெண்ணெய் உருகி எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று தங்காது, கேக் அடர்ந்து கனத்துப் போகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், பளபளக்கக் கூடாது. அது போதும்.

பிறகு வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்துப் போட்டு, வெள்ளைப் பொடி மறையும் வரை மட்டும் கலக்குங்கள். இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டால் மணம் நன்றாக இருக்கும். மாவு கெட்டியாக இருக்கிறதே, பால் ஊற்றலாமா? வேண்டாம். கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழுந்தால்தான் சரி. தண்ணீரைப் பழம் கொண்டுவரும்.

பழம் அடியில் மூழ்கிவிடாதா? தளர்ந்த மாவில் மூழ்கும், இந்த மாவில் மூழ்காது. தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, அதன் ஓரங்கள் இருபுறமும் வெளியே நீளும்படி விடுங்கள். பின்னால் தூக்குவதற்கு அதுதான் பிடி. மாவைப் பரப்பி, பழப் பாதிகளை வெட்டிய பக்கம் மேலே பார்க்க வையுங்கள். அழுத்த வேண்டாம். மேலே பார்த்திருந்தால் சாறு ஆவியாகிப் போகும், கீழே பார்த்தால் மாவுக்குள் இறங்கிச் சொதசொதப்பாக்கும். நடுவில் பழம் குறைவாக இருக்கட்டும். நடுப்பகுதிதான் கடைசியாக வேகும், அங்கே குவித்தால் வேகாமலே நிற்கும். கடைசியாக ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தூவுங்கள்.

முன்பே சூடாக்கிய 180 டிகிரி அவனில் 45 முதல் 55 நிமிடம் வையுங்கள். வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்க்கும்போது பழத்தில் குத்தாதீர்கள், இரு பழங்களுக்கு நடுவே குத்துங்கள். சாறு ஒட்டினால் பரவாயில்லை, பச்சை மாவு ஒட்டக் கூடாது.

அவன் இல்லையென்றால்? அடி கனமான பழைய குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், உள்ளே ஒரு தாங்கி வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். கேக் தட்டை இறக்கி, மூடி, மிகச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். மேல்புறம் சிவக்காது, கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும். சுவை குறையாது.

முட்டை சேர்க்காதவர்கள் ஒவ்வொரு முட்டைக்கும் கால் கப் கெட்டித் தயிரும், மொத்தத்துக்குக் கால் தேக்கரண்டி ஆப்பச்சோடாவும் சேர்க்கலாம். கேக் சற்று அடர்த்தியாக வரும். தயிரும் புளிக்கும் என்பதால் நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்து எடுங்கள்.

பீச் போடுவதென்றால் ஒரு வேலை கூடுதல். கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்தால் அதன் சுணைத் தோல் எளிதாக உரியும். துண்டுகளில் சிறிது சர்க்கரை தூவிப் பதினைந்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும், வடித்துவிடுங்கள். வடித்ததைக் கொட்டிவிடாமல் சுண்டக் காய்ச்சி, வெந்த கேக் மேல் தடவலாம்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? பழத்தின் ஈரத்தால் நம் வெயிலில் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கக்கூடும். அன்று மட்டும் வெளியே, பிறகு குளிர்பெட்டியில் மூன்று நாள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் வெண்ணெய் இறுகிக் கேக் கெட்டியாக இருக்கும்.

பருவம் முடிந்த பிறகும் வேண்டுமா? கொட்டை நீக்கிய பாதிகளைத் தட்டில் பரப்பி உறைய வைத்து, பின் பைக்கு மாற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஆறு மாதம் தாங்கும். கேக் செய்யும்போது இளக விடாமல் அப்படியே மாவின் மேல் அடுக்குங்கள், வேக இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள்.